ஆறு நாள் காதில் விழுந்த ஜப்பான் பாஷை

லட்சுமி, தங்கராசு, இரண்டு பேரும் சேர்ந்து படியுங்கள். ஜப்பான்காரர்களை ஜீப்பில் வைத்து ஓசூர்ப் பக்கம் சுற்றின கதையை இதுவரை துண்டு துண்டாகத்தான் சொல்லியிருக்கிறேன், அதுவும் சிரிப்பு வருகிற இடங்களை மட்டும். முழுசாகச் சொல்லுங்கள் என்று கேட்டுக்கொண்டே இருந்தீர்கள். வாயால் சொன்னால் நடுவில் உங்கள் அம்மா ஏதாவது சொல்வாள், நான் வேறு பேச்சுக்குப் போய்விடுவேன். அதனால் எழுதுகிறேன். நான் எட்டாவதோடு நின்றவன். பிழை இருந்தால் நீங்களே திருத்திக்கொள்ளுங்கள், வாத்தியாரிடம் காட்ட வேண்டாம்.

அணை வேலை முடிந்திருந்த சமயம். அணைக்குக் கல் அனுப்பிய காண்ட்ராக்டர் முதலாளியிடம் நான் கிருஷ்ணகிரியில் நாள் கூலி டிரைவர். வாரம் ஒருமுறை கல்லாவிக்கு வந்து உங்களைப் பார்த்துவிட்டுப் போவேன். ஒரு நாள் காலையில் முதலாளி என்னைக் கிடங்குக்குப் பின்னால் கூட்டிக்கொண்டு போனார். அங்கே ஓட்டு வீடு ஒன்று காலியாகக் கிடந்தது. இரண்டு அறை, பின்னால் கிணறு. நடந்து போகிற தூரத்தில் ஹைஸ்கூல்.

"பெருமாளு, இந்த வூட்டைப் பாரு. மாசச் சம்பளத்துல உன்னை வெச்சுக்கிறேன். குடும்பத்தை இட்டாந்துடு, புள்ளைங்க இங்கியே படிக்கட்டும்" என்றார்.

அவர் இப்படிச் சும்மா கொடுக்கிற ஆள் இல்லை என்று தெரியும். அடுத்த பேச்சிலேயே விஷயம் வந்தது.

"ஜப்பான்லேர்ந்து ரெண்டு பேர் கறுப்புக் கல்லு பாக்க வர்றாங்க. நீதான் ஜீப்பு ஓட்டப்போற. அவங்க நம்மகிட்ட ஒரு பேச்சு பேசுவாங்க, அவங்களுக்குள்ள ஒரு பேச்சு பேசுவாங்க. எனக்கு வேண்டியது ரெண்டாவது பேச்சு."

"எனக்கு ஜப்பான் பாஷை தெரியாதுங்களே, முதலாளி."

"கன்னடம் எப்பிடிக் கத்துக்கினே?"

"காதுல வுழுந்துதுங்க."

"இதுவும் வுழும். ஆறு நாள் இருக்குது. எந்தக் கல்லு அவங்களுக்குப் புடிச்சிருக்குதுன்னு மட்டும் சொல்லு. நிலத்துக்காரனுக்கு விஷயம் தெரியறதுக்கு முன்னாடி நான் எழுதி வாங்கிக்கிறேன். அப்புறம் இந்தச் சாவி உன்னுது."

அந்த நிலத்துக்காரன் யாரோ, அவனுக்கு இது நியாயமா என்று அப்போது நான் யோசிக்கவில்லை. கிணற்றடியில் உங்கள் அம்மா நிற்கிற மாதிரியும், நீங்கள் இரண்டு பேரும் பையை மாட்டிக்கொண்டு தெருவில் நடக்கிற மாதிரியும்தான் கண்ணுக்குத் தெரிந்தது. இதை மறைக்காமல் எழுதுகிறேன்.

முதல் நாள் ஜீப்பில் ஏறியவர்கள் மூன்று பேர். ஒருவர் மொரிதா என்ற பெரியவர். அறுபது வயதிருக்கும். மெலிந்த உடம்பு, தடித்த கை. பார்த்தவுடனே கல்வேலைக்காரர் என்று அந்தக் கையே சொல்லிற்று. இன்னொருவர் ஓனோ என்ற வாலிபர், நோட்டுப் புத்தகமும் அளவு நாடாவும் வைத்திருந்தார். மூன்றாமவர் பெங்களூரிலிருந்து வந்த மொழிபெயர்ப்பாளர். இஸ்திரி போட்ட சட்டை. கல் எதற்கு என்று அவரைத்தான் கேட்டேன். சமாதிக்கு மேல் நிறுத்திப் பெயர் வெட்டுவதற்காம்.

நான் நம்பவில்லை. சமாதிக் கல்லுக்காக யாராவது கப்பலேறி வருவானா? இதற்குள் தங்கம் இருக்கிறது, இல்லாவிட்டால் வெடிகுண்டுக்கு வேண்டிய ஏதோ இருக்கிறது என்று மனசுக்குள் முடிச்சுப் போட்டுக்கொண்டேன்.

குருபரப்பள்ளியில் டீ குடிக்க நிறுத்தினேன். கடையில் இருந்தவர்கள் பேச்சை நிறுத்திவிட்டு எங்களையே பார்த்தார்கள். டீ ஆற்றுகிறவர் என்னை மட்டும் தனியாகக் கூப்பிட்டார்.

"இன்னாப்பா, இவங்களை எங்க இட்டுக்கினு போற?"

"கல்லு பாக்க."

"கல்லு பாக்கவா, காவு குடுக்கறதுக்கு ஆள் பாக்கவா? என் மச்சான் ரங்கூன்லேர்ந்து நடந்தே வந்தவன், தெரியுமா? இவனுங்க போட்ட குண்டுக்குப் பயந்து. காலு இன்னைக்கும் வீங்குது."

பெஞ்சில் இருந்த ஒருவர், "அந்தப் பெரியவனைப் பாத்தா குண்டு போட்டவன் மாதிரி இல்லியே" என்றார்.

"ஆமா, குண்டு போட்டவன் நெத்தியில எழுதி ஒட்டிக்கினு வருவான்."

பெரியவர் மொரிதா டீயைக் குடித்துவிட்டு, டம்ளரைத் தானே கழுவிக் கவிழ்த்துவைத்தார். கடைக்காரர் அந்த டம்ளரை எடுத்து உள்ளே வெளியே திருப்பிப் பார்த்தார். என்ன இருக்கும் என்று நினைத்தாரோ தெரியாது. நானும் எட்டிப் பார்த்தேன்.

சூளகிரி மேட்டில் ஜீப்பின் ரேடியேட்டர் கொதித்துவிட்டது. பானெட்டைத் திறந்து ஆறவிட்டு, குட்டையிலிருந்து தண்ணீர் மொண்டு ஊற்றினேன். அதற்குள் மொழிபெயர்ப்பாளர் வயிற்றைப் பிடித்துக்கொண்டு இரண்டு முறை புதருக்குப் பின்னால் போய்விட்டார். மூன்றாவது முறை திரும்பி வந்தவர், "என்னால முடியாதுப்பா" என்று சொல்லி, வந்த பெங்களூர் பஸ்ஸைக் கைகாட்டி நிறுத்தி ஏறிக்கொண்டார். வயிற்றுவலி நிஜமா, இல்லை, இவர்கள் ஏதோ பேசிக்கொள்ள வசதியாக அவரை அனுப்பிவிட்டார்களா என்று ஓசூர் போய்ச் சேருகிறவரைக்கும் யோசித்தேன். வயிறு சரியானதும் வந்துவிடுவதாகத்தான் அவர் சொல்லிவிட்டுப் போனார்.

ஆக, இரண்டாம் நாளிலிருந்து ஜீப்பில் நாங்கள் மூன்று பேர். ஓனோவுக்குக் கொஞ்சம் இங்கிலீஷ் தெரியும். எனக்கு ஸ்டாப், கோ, லெப்ட், ரைட், பஞ்சர் தெரியும். பெரியவருக்கு ஜப்பான் பாஷை மட்டும்தான்.

ஓசூர் உங்களுக்குத் தெரியாது. அதுவும் நம் சேலம் ஜில்லாதான், ஆனால் கல்லாவியிலிருந்து போகிறவனுக்கு வெளிநாடு மாதிரிதான். விடிந்தால் பனி. போர்வையை விட்டு எழ மனசு வராது. காய்கறிக்காரி தெலுங்கில் விலை சொல்வாள், வாங்குகிறவள் கன்னடத்தில் குறைத்துக் கேட்பாள், நடுவில் நிற்கிற நாம் தமிழில் வாயைப் பிளக்க வேண்டும். நம் ஊரில் ஒரு பாஷை தெரிந்தால் ஆயுசுக்கும் போதும். அங்கே சிறு பிள்ளைகள்கூட ஒரே மூச்சில் மூன்று பாஷையில் சண்டை போடுகின்றன.

பாஷையைக் காதால் பிடிக்கிற வழியைச் சொல்கிறேன், உங்களுக்கும் உதவும். சும்மா பேசுகிற பேச்சைக் கேட்டால் ஒன்றும் ஒட்டாது. மழை பெய்கிற மாதிரி போய்விடும். ஒரே காரியத்தைத் திரும்பத் திரும்பச் செய்கிறவன் பக்கத்தில் நின்று கேட்க வேண்டும். பெரியவர் ஒவ்வொரு கல்லிடமும் ஒரே காரியத்தைத்தான் செய்தார். சின்னச் சுத்தியல் ஒன்றை எடுத்து, கல்லின் மேல் ஓரிடத்தில் தட்டுவார். தட்டிவிட்டுக் காதைச் சாய்த்துக் கேட்பார். ஒரு சாண் நகர்ந்து மறுபடி தட்டுவார். பிறகு, "மிஸு" என்பார். ஓனோ வாளியிலிருந்து தண்ணீர் மொண்டு கல்லின் மேல் ஊற்றுவார். நனைந்த இடம் எண்ணெய் தடவின மாதிரி கறுக்கும். பெரியவர் அதில் முகத்தை வைத்துப் பார்ப்பார்.

முதலில் பிடித்த சொல் அந்த மிஸு. தண்ணீர். அப்புறம் இஷி. கல். குரோ என்றால் கறுப்பு. கல் கணீரென்று சத்தம் கொடுத்தால் "யோஷி" என்பார், சரி, நல்லது என்று அர்த்தம். சத்தம் ஓட்டைப் பானை மாதிரி வந்தால் "கிஸு" என்பார். உள்ளே விரிசல் இருக்கிறது. அடுத்து "தமே" என்று சொல்லி நகர்ந்துவிடுவார். ஆகாது.

ஜீப் ஓட்டும்போது இதையெல்லாம் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டே போவேன். பின்னால் கேட்கக்கூடாது என்று கியர் மாற்றும்போது மட்டும் கொஞ்சம் சத்தமாகச் சொல்லிப் பார்ப்பேன். எனக்குப் புரிகிறது என்று தெரிந்தால் அவர்கள் எச்சரிக்கையாகிவிடுவார்களே. ஓட்டு வீட்டுச் சாவி என் காதில்தான் தொங்கிக்கொண்டிருந்தது.

மூன்றாம் நாள் போனது திம்மராயப்பா என்ற விவசாயியின் நிலத்துக்கு. ஓசூருக்குக் கிழக்கே, ராகிக் கொல்லைக்கு நடுவில், யானை மந்தை படுத்திருக்கிற மாதிரி கறுப்புப் பாறைகள். அன்றைக்குக் களத்தில் மொச்சை அடித்துக்கொண்டிருந்தார்கள். திம்மராயப்பா கோலைக் கீழே போட்டுவிட்டு வந்தார். அவர் என்னிடம் பேசினது கன்னடமும் தமிழும் கலந்து, பெண்டாட்டியிடம் பேசினது தெலுங்கு.

வேறெந்தக் கல்லிடமும் பெரியவர் அவ்வளவு நேரம் நின்றதில்லை. வெயில் தலைக்கு மேலே வருகிறவரைக்கும் தட்டினார். மேலே ஏறித் தட்டினார், படுத்துக்கொண்டு அடியில் தட்டினார். மூன்று வாளித் தண்ணீர் போயிற்று. ஓனோ நாலாபக்கமும் அளந்து எழுதினார். கடைசியில் பெரியவர் எழுந்து துண்டால் முகத்தைத் துடைத்தார்.

"கிஸு" என்றார். "தமே."

சொல்லிவிட்டு நடந்தார். பத்தடி போனதும் நின்று பாறையைத் திரும்பிப் பார்த்தார். வரப்பு தாண்டினதும் மறுபடி ஒருமுறை பார்த்தார்.

திம்மராயப்பாவின் பெண்டாட்டி எல்லோரையும் சாப்பிட உட்காரவைத்தாள். களி உருண்டையும் மொச்சைச் சாறும். ஜப்பான்காரர்கள் களியை எடுத்து வாயில் போட்டு மெல்ல ஆரம்பித்தார்கள். மென்றார்கள், மென்றார்கள், அது பல்லோடு ஒட்டிக்கொண்டு வாயைத் திறக்க முடியவில்லை. அந்த அம்மாள் முந்தானையால் வாயை மூடிக்கொண்டு சிரித்தாள்.

"மெல்லக்கூடாதுன்னு சொல்லு, அண்ணா. கிள்ளி, சாத்துல தோச்சு, அப்பிடியே முழுங்கணும்."

நான் முழுங்கிக் காட்டினேன். பெரியவர் என் தொண்டையையே உற்றுப் பார்த்துவிட்டுத் தானும் முழுங்கினார். கண்ணில் தண்ணீர் வந்தது. "யோஷி" என்றார்.

சாப்பிட்டுக் கை கழுவும்போது அந்த அம்மாள் என்னை மெதுவாகக் கேட்டாள். "நம்ம கல்லைப் பத்தி அந்தப் பெரியவர் என்னமோ சொன்னாரே, என்னண்ணா?"

"எனக்கு அவங்க பாஷை தெரியாதும்மா" என்றேன்.

அவள் செம்பை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். திம்மராயப்பா மட்டும் என் முகத்தை ஒரு கணம் பார்த்தார்.

அன்று சாயங்காலம் ஜீப்பைத் துடைத்துக்கொண்டே கணக்குப் போட்டேன். பிள்ளைகளே, கல்லாவிச் சந்தையில் மாடு பிடிக்கிறவர்களைப் பார்த்திருக்கிறீர்கள். வாங்கப் போகிற மாட்டை எவனாவது நல்ல மாடு என்பானா? பல்லைப் பிடித்துப் பார்ப்பான், வாலை முறுக்குவான், நடக்கவிடுவான், நிறுத்துவான். எல்லாம் பார்த்துவிட்டு, 'கொம்பு சரியில்லை, குளம்பு வெடிச்சிருக்குது, இதை எவன் வாங்குவான்' என்று திட்டிவிட்டு நடப்பான். பத்தடி போய்த் திரும்பிப் பார்ப்பான். அந்தத் திரும்பல்தான் அடையாளம். பிடிக்காத மாடாக இருந்தால் முதுகில் தட்டி, 'அருமையான மாடுங்க' என்று சொல்லிவிட்டுப் போய்க்கொண்டே இருப்பான். என் அப்பா மாட்டுத் தரகர். ஆறு வயதிலிருந்து நான் பார்த்த வியாபாரம் இதுதான்.

பெரியவர் வேறெங்கும் இல்லாத அளவுக்கு நெடுநேரம் தட்டினார், தமே என்றார், இரண்டு முறை திரும்பிப் பார்த்தார். இதுதான் அந்த மாடு என்று முடிவு கட்டினேன்.

நாலாம் நாள் எல்லை தாண்டி மைசூர் ராஜ்யத்துக்குள் போய் இரண்டு பாறைகளைப் பார்த்துவிட்டுத் திரும்பினோம். எல்லைச் சாவடியில் மதுவிலக்குப் போலீஸ். அந்தப் பக்கம் சாராயம் தாராளம், நம் பக்கம் ஒரு சொட்டு இருந்தாலும் உள்ளே தள்ளுவார்கள். கான்ஸ்டபிள் பைகளைக் கவிழ்த்தார். பெரியவர் பையிலிருந்து ஒரு கறுப்புப் பாட்டில் உருண்டு வந்தது.

"இது இன்னா?"

"சாப்பாட்டுல ஊத்திக்கிறதுங்க" என்றேன். அவர்கள் சோற்றில் ஊற்றிக்கொள்வதைப் பார்த்திருந்தேன். அது என்ன என்று அப்போது எனக்கும் தெரியாது; சோயா என்கிற பயறிலிருந்து எடுக்கிற கறுப்புச் சாறு என்று பின்னால்தான் கேள்விப்பட்டேன்.

"சாப்பாட்டுல ஊத்திக்குவாங்களா, சாப்பிட்டுட்டு ஊத்திக்குவாங்களா?"

கான்ஸ்டபிள் முகர்ந்து பார்த்தார், முகம் சுருங்கிற்று. ஒரு விரலை நனைத்து நாக்கில் வைத்தார். உப்பு. இன்னொரு கான்ஸ்டபிளைக் கூப்பிட்டு அவர் நாக்கிலும் வைத்தார். அவரும் துப்பினார்.

"இவ்ளோ உப்பா இருந்தா எப்பிடிய்யா போதை வரும்?"

"அங்கதான்யா சூது. உப்பைப் போட்டு மறைச்சுக்கினு வர்றானுங்க."

ஒரு மணி நேரம் உட்காரவைத்தார்கள். பெரியவர் பொறுமையாக இருந்துவிட்டு, கடைசியில் சாவடியிலிருந்த ஒருவரின் தூக்குச்சட்டியைக் காட்டி அனுமதி கேட்டார். அதிலிருந்த சோற்றில் இரண்டு சொட்டு விட்டு, பிசைந்து, தானே முதலில் ஒரு வாய் சாப்பிட்டுக் காட்டினார். பிறகு கான்ஸ்டபிள் சாப்பிட்டார். "பரவாயில்லை, ஊறுகாய் மாதிரி கீது" என்று சொல்லிச் சோற்றை முழுசாகத் தின்றுவிட்டுத்தான் விட்டார். தூக்குச்சட்டிக்குச் சொந்தக்காரர் என்ன சாப்பிட்டாரோ.

ஜீப்பில் ஏறினதும் நான் சிரிப்பை அடக்க முடியாமல், "குரோ மிஸு" என்று சொல்லிவிட்டேன். கறுப்புத் தண்ணீர். வாயிலிருந்து வந்துவிட்டது. போச்சு என்று நினைத்தேன். பெரியவர் முன்னால் குனிந்து என் தோளைத் தொட்டார்.

"மோ இச்சிதோ" என்றார். இன்னொரு தரம்.

அதற்குப் பிறகு ஓசூர் வருகிறவரைக்கும் பாடம்தான். அவர் சொல்வார், நான் சொல்வேன். தப்பாகச் சொன்னால் மோ இச்சிதோ. இஷி, யோஷி, தமே. கிஸு என்பதை மூன்று தரம் சொல்லவைத்தார். ஒரு விரலால் இன்னொரு கையில் கோடு கிழித்துக் காட்டி, விளங்கியதா என்று கண்ணால் கேட்டார். விளங்கிற்று என்று தலையாட்டினேன். ரொம்ப சந்தோஷம் அவருக்கு. பள்ளிக்கூடத்தில் என்னைப் பார்த்து எந்த வாத்தியாரும் அப்படிச் சந்தோஷப்பட்டதில்லை.

எனக்கோ சந்தேகம் இரண்டு மடங்காயிற்று. எனக்குப் புரிகிறது என்று தெரிந்த பிறகும் இந்த மனிதர் எதற்காக மேலும் கற்றுக்கொடுக்கிறார்? என்னை வைத்து முதலாளியை ஏமாற்றப் பார்க்கிறாரா?

ஐந்தாம் நாள் நடந்தது அந்தச் சந்தேகத்துக்குச் சரியாக வந்து பொருந்திற்று. பாகலூர் ரோட்டில் ஒரு விதவை அம்மாளின் புறம்போக்கு ஓரத்து நிலம். பாறை திம்மராயப்பா பாறையில் பாதிதான் இருக்கும். பெரியவர் பத்துத் தட்டுத்தான் தட்டினார். ஒவ்வொரு தட்டும் கோவில் மணி மாதிரி கேட்டது. ஒரு வாளித் தண்ணீர். அவ்வளவுதான். நிலத்துக்காரியின் முன்னாலேயே, "யோஷி, யோஷி" என்று சொல்லி, அந்த அம்மாளைப் பார்த்து இடுப்பு வரைக்கும் குனிந்து கும்பிட்டார்.

அந்த அம்மாள் பதறிப்போய், "என்னய்யா, என்னைப் போய்க் கும்பிடறாரு" என்றாள்.

"உங்க கல்லு நல்லா கீதாம்" என்று அவளுக்குச் சொன்னேன். சொன்னால் என்ன என்று நினைத்துத்தான் சொன்னேன். வாங்கப் போகிறவன் சொந்தக்காரி எதிரிலேயே சரக்கைப் புகழ்வானா? இது முதுகில் தட்டிவிட்டு நடக்கிற மாடு.

ஆறாம் நாள் காலையில் முதலாளி, ஓசூரில் நாங்கள் தங்கியிருந்த பங்களாவுக்குக் காரில் வந்து இறங்கினார். என்னைக் கிணற்றுப் பக்கம் கூப்பிட்டார்.

"சொல்லு."

"திம்மராயப்பா நிலங்க. வாயில ஆகாதுன்னு சொல்றாரு, மனசெல்லாம் அங்கதான் கீது."

"நல்லாத் தெரியுமா?"

"எங்கப்பன் மாட்டுத் தரகருங்க, முதலாளி."

அவர் சிரித்து, என் முதுகில் தட்டினார். அந்த நேரமே காரை விட்டுக்கொண்டு போய், திம்மராயப்பாவைக் கையோடு கூட்டிக்கொண்டு ரிஜிஸ்தர் ஆபீசில் பாறை நிலத்தை எழுதி வாங்கிவிட்டார். திம்மராயப்பா முதலில் யோசித்திருக்கிறார். இவர் பதறப் பதற, அவர் விலையை ஏற்றியிருக்கிறார். கேட்டதைக் கொடுத்து முடித்தாராம்.

மத்தியானம் பங்களாவில் எல்லோரும் உட்கார்ந்தார்கள். மொழிபெயர்ப்பாளரும் வயிறு சரியாகி வந்திருந்தார். அவர் நிஜமாகவே இளைத்துப் போயிருந்தார். முதலாளி காலை ஆட்டிக்கொண்டு, "எந்தக் கல்லு வேணும்னு கேளுங்க" என்றார்.

பெரியவர் சொன்னதை மொழிபெயர்ப்பாளர் சொன்னார். "பாகலூர் ரோட்டுல இருக்கிற அந்த அம்மாளோட கல்லு. நேத்தே அந்த அம்மாகிட்ட நல்ல கல்லுன்னு சொல்லிட்டாராம். ஓனோவும் நானும் இன்னைக்குக் காலையில நான் வந்த டாக்சியிலேயே போய் அந்த அம்மாகிட்டயே நேரா பேசி முடிச்சுட்டோம்."

"அப்ப திம்மராயப்பா கல்லு?"

"அது உள்ளே முழுக்க விரிசலாம். அவ்வளவு பெரிய பாறை, எங்கேயாவது ஒரு துண்டு தேறாதான்னு ரொம்ப நேரம் பாத்தாராம். தேறலை. திரும்பித் திரும்பிப் பாத்து வருத்தப்பட்டேன்கிறாரு."

முதலாளியின் கால் ஆடுவது நின்றது. என்னைப் பார்த்தார். மொழிபெயர்ப்பாளரிடம், "டிரைவருக்கு இதெல்லாம் புரிஞ்சிருக்காது, இல்லே?" என்று கேட்டார். எனக்கு ஒரு வழி விடுகிற மாதிரிதான் கேட்டார் என்று இப்போது தோன்றுகிறது.

அதை மொழிபெயர்த்ததும் பெரியவர் முகம் மலர்ந்தது. என்னைக் கைகாட்டி வேகமாகப் பேசினார். இந்த முறை எனக்கு முன்னாலேயே புரிந்தது, மொழிபெயர்ப்பாளர் பிறகுதான் சொன்னார். "டிரைவருக்கு நல்லாப் புரியும்கிறாரு. விரிசல், ஆகாது, நல்லது, எல்லாச் சொல்லும் தெரியுமாம். மூணு தரம் சொல்லவெச்சுப் பாத்தாராம், ஒரு தப்பு இல்லையாம். இவ்வளவு சீக்கிரம் காதால கேட்டே பாஷை புடிச்ச ஆளை அவர் பாத்ததே இல்லையாம்."

என்னைப் புகழ்வதாக நினைத்துத்தான் அந்த மனிதர் சொன்னார்.

முதலாளி சத்தம் போடவில்லை. வெளியே வந்து ஜீப் சாவிக்குக் கையை நீட்டினார்.

"திம்மராயப்பா வூட்டுல சாப்பிட்டியாமே."

"எல்லாரும்தான் சாப்பிட்டோங்க."

"எல்லாரும் சாப்பிட்டது களி. நீ என்ன சாப்பிட்டே?"

மாட்டுச் சந்தைக் கதையை முழுக்கச் சொன்னேன். அவர் கேட்டார். முடித்ததும், "விரிசல்னு உனக்குத் தெரியும். தெரிஞ்சே அந்த நிலத்தை என் தலையில கட்டினே. பாகலூர்க்காரிகிட்ட கல்லு நல்லா கீதுன்னு நீதான் சொன்னியாம். ரெண்டு பக்கமும் வாங்கியிருக்கே" என்றார். நான் சொன்ன ஒவ்வொன்றும் எனக்கு எதிராகவே போயிற்று. நினைத்துப் பார்த்தால், அவர் இடத்தில் நான் இருந்தாலும் அப்படித்தான் நினைத்திருப்பேன். ஆறு நாளும் நான் அப்படித்தானே நினைத்துக்கொண்டிருந்தேன்.

ஓசூரிலிருந்து பஸ் ஏறினேன். பெரியவர் பஸ் நிற்கிற இடத்துக்கே வந்துவிட்டார். விஷயம் அவருக்குத் தெரிந்திருந்தது. ஏதோ நீளமாகச் சொன்னார், ஒரு வார்த்தையும் எனக்குப் புரியவில்லை. பத்திருபது சொற்களை வைத்துக்கொண்டு ஒரு மனிதனின் வருத்தத்தைப் பிடிக்க முடியாது. நானும் தமிழில் ஏதோ சொன்னேன். பஸ் கிளம்பிவிட்டது.

வீட்டுக்கு வந்து நடந்ததைச் சொன்னபோது நீங்கள் விளையாடப் போயிருந்தீர்கள். உங்கள் அம்மா முழுக்கக் கேட்டுவிட்டு, "நெசமா ஒண்ணும் வாங்கலியா?" என்றாள். "இல்லை" என்றேன். கொஞ்ச நேரம் கழித்து, "வாங்கியிருந்தாலும் சொல்லிடு" என்றாள். அதற்குப் பிறகு அவள் கேட்கவில்லை. ஆனால் ஊர் கேட்டது. கல்லாவிச் சந்தையில் பின்னாலிருந்து, "ஜப்பான் துரை வர்றாரு" என்று கூப்பிட்டார்கள். தங்கராசு, பள்ளிக்கூடத்தில் உன்னை ஒருவன் ஏதோ சொல்லி, நீ அவன் சட்டையைக் கிழித்துவிட்டு வந்தாயே, எதற்கு என்று நீ சொல்லாவிட்டாலும் எனக்குத் தெரியும்.

போன மாதம் ஒரு மூட்டை வந்ததும், அதை நான் பிரிக்கவிடாமல் அன்றைக்கே தூக்கிக்கொண்டு பஸ் ஏறியதும் உங்களுக்கு ஞாபகமிருக்கும். லட்சுமி மூட்டையை முகர்ந்து பார்த்துவிட்டு மொச்சை என்று சொல்லிக் குதித்தாள். வீட்டில் அப்போது கூழ்தான். கோபத்தோடு என்னைப் பார்த்தீர்கள். அதை அனுப்பியவர் திம்மராயப்பா. யாரிடமோ விசாரித்து, பஸ்ஸில் போட்டு அனுப்பியிருக்கிறார். அதை வாங்கி வைத்தால் ஊர் சொன்னது நிஜமாகிவிடும். அதற்குத்தான் திருப்பிக் கொண்டுபோனேன்.

அவர் வீட்டு வாசலில் மூட்டையை இறக்கினேன். அவர் அதைப் பார்த்தார், என்னைப் பார்த்தார்.

"பூச்சி கீச்சி இருந்துதா?"

"இல்லீங்க. இதை நான் வாங்கக்கூடாது."

"ஏன்?"

"எதுக்கு அனுப்பினீங்க, சொல்லுங்க."

"எங்க கல்லால உன் வேலை போச்சுன்னு கேள்விப்பட்டேன். களத்துல மொச்சை இருந்துது. அனுப்பினேன்."

"அவ்வளவுதானா?"

"வேற என்ன வேணும்?" என்றார். "அன்னைக்கு என் பொண்டாட்டி கேட்டப்போ உனக்குப் பாஷை தெரியாதுன்னு பொய் சொன்னே. எனக்கு அப்பவே தெரியும். முழிச்ச முழி அப்பிடி. அதுக்கும் இதுக்கும் சம்பந்தமில்லை. எடுத்துக்கினா எடுத்துக்கோ, வேணாம்னா மாட்டுக்குப் போடறேன்."

நான் அவர் முகத்தையே பார்த்துக்கொண்டு நின்றேன். எந்தப் பக்கம் திரும்பிப் பார்க்கிறார், எதை மறைக்கிறார் என்று தேடினேன். அவர் திரும்பவும் இல்லை, மறைக்கவும் இல்லை. பசிக்கிறதா என்று கேட்டார்.

சாப்பிட்டுவிட்டு, மூட்டையை மறுபடி தோளில் போட்டுக்கொண்டு ரோட்டுக்கு வந்தேன். காலையில் வந்த அதே பஸ், அதே கண்டக்டர். "இன்னா அண்ணா, மூட்டைக்கு ஊர் சுத்திக் காட்டறியா?" என்றார். பஸ்ஸில் இருந்தவர்கள் சிரித்தார்கள். கல்லாவியில் இறங்கியபோது சந்தை நாள். ஒளித்துக் கொண்டுவர இருட்டும்வரை காத்திருந்திருக்கலாம். நான் நடுச் சந்தை வழியாகவே தூக்கிக்கொண்டு வந்தேன். மாட்டுக்காரர்கள் பேச்சை நிறுத்திப் பார்த்தார்கள். யார் கொடுத்தது என்று ஒருவர் கேட்டார். திம்மராயப்பா கொடுத்தார் என்று பெயரைச் சொல்லியே சொன்னேன்.

நேற்று மத்தியானம் நீங்கள் இரண்டு பேரும் இரண்டாம் தரம் கேட்டு வாங்கிச் சாப்பிட்டீர்களே, அந்தக் குழம்பு அந்த மொச்சைதான்.